பாத்டப் லீக்: கீழ் வீட்டு சீலிங்ல சொட்டுது, எல்லாத்தையும் உடைக்காம கண்டுபிடிக்க வழி இருக்கா?

மூணாவது மாடி:
வணக்கம் மக்களே, அவசர உதவி. மடிப்பாக்கம் பக்கம் 97ல கட்டின அபார்ட்மென்ட், நாங்க மூணாவது மாடி. பெட்ரூம் பாத்ரூம்ல பழைய ஓனர் போட்ட பைபர் பாத்டப் ஒண்ணு இருக்கு, மூணு பக்கம் சுவரு, முன்பக்கம் செங்கல் வச்சு டைல்ஸ் ஒட்டி மூடிட்டாங்க, கையை விட்டு பாக்க ஒரு ஓட்டை கூட கிடையாது. அதுல யாரும் படுத்து குளிச்சதில்ல, 2019ல தண்ணி கஷ்டம் வந்தப்ப லாரித்தண்ணி ரொப்பி வைக்க உதவுச்சு, மத்தபடி உள்ள நின்னு ஷவர்ல குளிக்கறதோட சரி.

ரெண்டு மாசமா கீழ் வீட்டு பாத்ரூம் சீலிங்ல ஈரம், பெயின்ட் உப்பி உரியுது, போன வாரத்துலேர்ந்து சொட்டவே ஆரம்பிச்சிடுச்சு. அந்த அங்கிள் தினமும் காலைல குட்மார்னிங் மெசேஜ் மாதிரி ஒரு போட்டோ அனுப்பறார். ஒரு பிளம்பர் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு டப்பை எடுத்து மொத்தமா உடைச்சு வாட்டர்ப்ரூஃப் பண்ணணும், ஒண்ணேகால் லட்சம்னு சொல்லிட்டார். இன்னொருத்தர் டப் ஓரத்துல ஒயிட் சிமென்ட் பூசி 800 ரூபா வாங்கிட்டு போனார், ஒரே வாரத்துல விரிஞ்சிடுச்சு. என்ன பண்றது?

கோவை சிவா:
சொட்டறது எப்பவுமேவா, இல்ல நீங்க குளிச்ச பிறகா? அத முதல்ல சொல்லுங்க.

மூணாவது மாடி:
எப்பவுமே சொட்டுதுனு அங்கிள் சொல்றார், ராத்திரி கூட.

ரிட்டயர்டு ஓவர்சியர்:
தம்பி, அத வச்சு பிரஷர் லைன் (டேங்க்லேர்ந்து குழாய்க்கு எப்பவும் தண்ணி வர்ற பைப்) லீக்குனு முடிவு பண்ணிடாதீங்க. உங்க பாத்ரூம் சங்கன் ஸ்லாபா இருக்கும், அதாவது தளத்தை ஒரு அடி போல இறக்கி பைப் போட்டு மேல செங்கல் ஜல்லி ரொப்பியிருப்பாங்க, அந்த ஜல்லி தண்ணிய குடிச்சு வச்சுக்கும். காலைல குளிச்ச தண்ணி ராத்திரி சொட்டும். பலபேர் சரியா ரிப்பேர் பண்ணிட்டும் "இன்னும் சொட்டுதே"னு திரும்ப உடைக்கறது இதனாலதான்.

முதல்ல அந்த பாத்ரூமையே நாலஞ்சு நாள் யாரும் தொடாதீங்க, ஆனா வால்வு திறந்தே இருக்கட்டும். அப்பவும் குறையாம சொட்டினா சுவருக்குள்ள போற பைப்புதான். நின்னுட்டா பைப் தப்பிச்சுது, கழிவு தண்ணி பக்கம் பாக்கணும். அதுக்கப்புறம் டப்புல அடைப்பானை போட்டு பக்கெட்டால பாதி வரைக்கும் ரொப்பி, தண்ணி மட்டத்துல பென்சில் கோடு போட்டு ஒரு ராத்திரி விடுங்க. கோடு இறங்கலைனா டப்புல விரிசல் இல்ல. மறுநாள் அந்த தண்ணியவே திறந்து விட்டு ஒரு நாள் பொறுங்க. சொட்டினா கீழ போற வேஸ்ட் பைப். சொட்டலைனா இன்னொரு நாள் ஓவர்ஃப்ளோ ஓட்டை (டப் நிரம்பி வழியாம இருக்க மேல இருக்கற ஓட்டை) வரைக்கும் ரொப்பி பாருங்க. கடைசியாதான் ஷவர், அதுலயும் சுவத்துல தண்ணி அடிக்கற மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு டெஸ்ட்டுதான், ரெண்டு சேத்து பண்ணா ஒண்ணும் புரியாது.

கோவை சிவா:
அந்த பாதி தண்ணில சொட்டு நீலம் கலந்துக்கலாமே? கீழ நீலமா வந்தா சந்தேகமே இல்ல.

ரிட்டயர்டு ஓவர்சியர்:
கலக்கலாம், ஆனா நீலம் வரலைங்கறதால லீக் இல்லனு ஆகாது, ஜல்லிலயே கலர் நின்னுடும்.

அண்ணாநகர் ராஜி:
எதுக்கு இவ்ளோ? கீழ் வீட்டு சீலிங்ல வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சா முடிஞ்சுது, எங்க அக்கா வீட்ல அப்படித்தான் பண்ணாங்க.

ரிட்டயர்டு ஓவர்சியர்:
அம்மா, தண்ணி மேலேர்ந்து வருது, கீழ பூசினா அது தளத்துக்குள்ளயே நின்னு கம்பி துருப்பிடிக்கும், இல்ல பக்கத்து சுவத்துல வெளிய வரும். தம்பி, சொட்டற இடத்துக்கிட்ட லைட்டோ கீசர் வயரோ இருந்தா அந்த எம்சிபிய (மெயின் போர்டுல இருக்கற கரன்ட் பிரேக்கர்) இப்பவே ஆஃப் பண்ண சொல்லுங்க.

மூணாவது மாடி: (பத்து நாள் கழிச்சு)
அய்யா சொன்னபடியே பண்ணேன். நாலாவது நாள் சொட்டு நின்னுடுச்சு, அங்கிள் போட்டோவுக்கு பதிலா தம்ஸ் அப் அனுப்பினார். பாதி டப் தண்ணி ராத்திரி முழுக்க கோட்டுலயே நின்னுச்சு. காலைல அடைப்பானை எடுத்தேன், சாயங்காலம் சொட்டு! நீலம் வரலை, அய்யா வாக்கு பலிச்சுது.

அப்புறம் வேஸ்ட் இருக்கற முனைல ரெண்டே ரெண்டு டைல்ஸ் உடைச்சு டார்ச் அடிச்சு பாத்தா, குடலு மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு பிளாஸ்டிக் ஹோஸ், அத டப்புக்கு அடில இருக்கற நஹானி டிராப் (தரைல கழிவு தண்ணி இறங்கற கிண்ணம்) ஓட்டைல சும்மா சொருகி வச்சிருக்காங்க, ஒட்டவே இல்ல, காஞ்சு விறைச்சு பாதி வெளிய வந்து கிடக்குது. இத்தனை வருஷ சோப்பு சேறு வேற, நாத்தம் தாங்கல.

ரிட்டயர்டு ஓவர்சியர்:
நினைச்சேன். அந்த ஹோஸ திரும்ப போட விடாதீங்க. பிவிசி பைப், எல்போ வச்சு சொல்யூஷன் போட்டு ஒட்ட சொல்லுங்க, டிராப்ல இறங்கற இடத்துல ரப்பர் ரிங். மூடறதுக்கு முன்னாடி டப்பை ரொப்பி திறந்து விட்டு ஒவ்வொரு ஜாயின்ட்லயும் டிஷ்யூ பேப்பர் வச்சு பாருங்க, கைக்கு தெரியாத ஈரம் பேப்பர்ல தெரியும். அந்த ஓட்டைய டைல்ஸ் ஒட்டி அடைக்காம சின்னதா ஒரு பிவிசி கதவு வச்சிடுங்க.

ஓரத்து ஒயிட் சிமென்ட்டையும் சுரண்டி எடுங்க. பைபர் டப் ஆள் ஏறி நின்னா கொஞ்சம் அமுங்கும், சிமென்ட் வளையாது, அதான் விரிஞ்சுது. ஒரு நாள் நல்லா காய விட்டு, டப்புல தண்ணி ரொப்பி அமுங்கின நிலைமைல சிலிகான் அடிங்க, 24 மணி நேரம் கழிச்சுதான் தண்ணிய விடணும்.

மூணாவது மாடி: (இன்னும் மூணு வாரம் கழிச்சு)
வேலை முடிஞ்சுது, கதவு உட்பட 4,200 ரூபா. முடிச்ச பிறகும் ரெண்டு நாள் லேசா சொட்டுச்சு, பயந்துட்டேன், ஜல்லி ஞாபகம் வந்து சும்மா இருந்தேன், நின்னுடுச்சு. இப்ப சுத்தமா காஞ்சிருக்கு.

அண்ணாநகர் ராஜி:
சூப்பர்! கீழ் வீட்டு பெயின்ட் செலவு யாரு?

மூணாவது மாடி:
நான்தான், அதுல என்ன சந்தேகம். நல்லா காயட்டும், ஒரு மாசம் போகட்டும்னு சொல்லியிருக்கேன். அங்கிள் அதுக்குள்ள கலர் கார்டு அனுப்பிட்டார், பாத்ரூமோட ஹாலும் சேத்து.