டிப்ளோரா, கண்டெமா?

மாமா: ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் மின்தூக்கி இன்னும் ஓடவில்லை. நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறேன். ‘வீ டிப்ளோர் தி மேனேஜ்மெண்ட்’, அதாவது நிர்வாகத்தைக் கண்டிக்கிறோம் என்று தொடங்கியிருக்கிறேன். எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா: அனுப்புங்கள் அண்ணே. நம் அம்மா இன்றும் மருந்து வாங்கக் கீழே இறங்கவில்லை.

சித்தி: அண்ணே, நல்ல சொல்தான். ஆனால் டிப்ளோர் ஆள்மேல் வராது, செயல்மேல்தான் வரும். ‘வீ டிப்ளோர் தி டிலே’ என்று எழுதுங்கள்.

மாமா: அப்படியானால் கண்டெம் போடுகிறேன். அது ஆளுக்கும் வரும்தானே?

சித்தி: வரும். ஆனால் அது தீர்ப்பே எழுதிவிடும். மரண தண்டனை விதிப்பதற்கும், கட்டடம் குடியிருக்க லாயக்கில்லை என்று அறிவிப்பதற்கும் அதே சொல்தான். டிப்ளோர் லத்தீனில் ‘புளோராரே’ என்பதிலிருந்து வந்தது, அழுது புலம்புவது என்று பொருள். அதனால் கண்டனத்தோடு வருத்தமும் சேர்ந்தே இருக்கிறது. மூட்டு வலியோடு நம் அம்மா அத்தனை படி ஏறுவதைச் சொல்ல எனக்கு அந்தச் சொல்தான் வேண்டும்.

தங்கச்சி: ஐநாவிலேயே இந்த இழுபறி நடந்தது சித்தி! 2022 பிப்ரவரியில் உக்ரைன் பற்றிப் பாதுகாப்பு மன்றத்துக்கு வந்த தீர்மான வரைவில் முதலில் கண்டெம் இருந்தது. சீனா எதிர்க்காமல் இருக்கட்டும் என்று டிப்ளோர் ஆக்கினார்கள். சீனா வாக்களிக்காமல் ஒதுங்கியது, ரஷ்யா வீட்டோ போட்டது. அப்புறம் மார்ச் 2 அன்று பொதுச்சபையில் ‘டிப்ளோர்ஸ் இன் தி ஸ்ட்ராங்கஸ்ட் டெர்ம்ஸ்’ என்றே தீர்மானம் நிறைவேறியது. 141 நாடுகள் ஆதரவு, மலேசியாவும் அதில் உண்டு.

சித்தி: அருமை! அதிலும் கவனி, ரஷ்யாவை டிப்ளோர் செய்யவில்லை, ரஷ்யாவின் ஆக்கிரமிப்பைத்தான்.

மாமா: சரி, ஐநாவுக்குப் போதுமென்றால் நமக்கும் போதும். ஆனால் மென்மையாகத் தெரியக்கூடாது.

சித்தி: ‘ஸ்ட்ராங்லி’ சேருங்கள்.

தங்கச்சி: டிஸ்அப்ரூவ் போட்டால்?

சித்தி: அதற்குப் பின்னால் ‘ஆஃப்’ வரவேண்டும். அதோடு, அது பிடிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லும். படியேற முடியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள், அதற்கு இது போதாது.

அம்மா: ரீகிரெட்?

சித்தி: வேண்டவே வேண்டாம் அக்கா. அது நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் ‘வருந்துகிறோம்’ என்று நமக்கு எழுதும் சொல்.

மாமா: சரி, இப்படி வைக்கிறேன்: ‘வீ ஸ்ட்ராங்லி டிப்ளோர் தி டிலே இன் ரிப்பேரிங் தி லிஃப்ட்’. அடுத்த வரியில் எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று கேட்டிருக்கிறேன்.

சித்தி: பதிலை எழுத்தில் கேளுங்கள் அண்ணே. வாயால் சொன்னால் நிற்காது.

அம்மா: நம் வீட்டுக் கடிதமாக மட்டும் போகவேண்டாம். மேல்மாடியில் மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் இதே கஷ்டம்தான்.

மாமா: நாளைக்கு ஒவ்வொரு மாடியாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறேன்.

தங்கச்சி: நானும் வருகிறேன் மாமா. பள்ளி முடிந்து நேரே வந்துவிடுகிறேன்.