ஹில் டிக்கின்சன் அரங்கம்: நேரில் சென்று வந்தவர்களின் முதல் எண்ணம் என்ன?

சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது. 2007-இல் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் ஸ்டீவன் பியனார் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கால்பந்து அணிக்குப் போனபோது, "நம் ஊர்ப் பிள்ளை ஆடுகிறான்" என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர், பியனார் அங்கிருந்து விடைபெற்ற பிறகும் அந்த நீலச் சட்டையைக் கைவிடவில்லை. அந்த அணியின் பழைய அரங்கமான குடிசன் பார்க்கை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசுவோம். ஆண்டுதோறும் ஒரு கல்யாணமோ, கல்லூரிக் கட்டணமோ, கூரை ஒழுகலோ குறுக்கே வந்துவிடும். 2025 மே 18 அன்று சவுத்தாம்ப்டனுக்கு எதிராக ஆண்கள் அணி அங்கே ஆடிய கடைசி ஆட்டம் முடிந்ததும், அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இனிப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அவரை அணியின் புதிய ஹில் டிக்கின்சன் அரங்கத்துக்கு அழைத்துச் செல்ல நானும் தம்பியும் நினைக்கிறோம். ஆனால் அப்பா கரீஸ் ஃபவுண்டனில் நின்றுகொண்டே கால்பந்து பார்த்து வளர்ந்தவர். நிறவெறி ஆட்சிக் காலத்தில் இன வேறுபாடு பாராத கால்பந்துக்கு டர்பனில் வீடாக இருந்த இடம் அது. தோளோடு தோள் உரச நின்று, ஆட்டக்காரரின் மூச்சிரைப்பு காதில் விழும் தொலைவில் பார்ப்பதுதான் அவருக்குக் கால்பந்து. பெரிய அரங்கம் என்றாலே, சத்தம் மேலே போய்க் காற்றில் கரைந்துவிடும் என்று நம்புகிறார்.

நேரில் சென்று வந்தவர்களிடம் நான் கேட்பது இதுதான்: உள்ளே நுழைந்த முதல் நொடியில் உங்கள் மனத்தில் என்ன தோன்றியது? இருக்கையிலிருந்து ஆட்டம் எப்படித் தெரிகிறது? சத்தம் நிற்கிறதா? முழங்கால் வலி உள்ள ஒருவரால் அங்கே நடந்து போய் வர முடியுமா? படங்களை நிறையப் பார்த்துவிட்டோம். படத்தில் தெரியாததைச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் நீலன் எழுதியது:

அன்புத் தங்கைக்கு வணக்கம். 2025 ஆகஸ்ட் 24, பிரைட்டனுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். மான்செஸ்டரில் வேலை செய்யும் என் மைத்துனர் பல ஆண்டுகளாக உறுப்பினர் என்பதால்தான் எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது.

நகர மையத்திலிருந்து ஆற்றங்கரைப் பக்கமாக நடந்தோம். வழி நெடுகப் பழைய கிடங்குகளும் கருங்கல் மதிலும் வருகின்றன. அந்த மதில் முடியும் இடத்தில் திடீரென்று அரங்கம் எழுந்து நிற்கிறது. கீழ்ப்பாதி முழுவதும் செங்கல், மேற்பாதி உலோகமும் கண்ணாடியும். குடிசனின் கேலரி முகப்பில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற வடிவமைப்பாளர் வைத்த குறுக்குமறுக்கான இரும்புச் சட்டங்களை நீங்கள் தொலைக்காட்சியில் கவனித்திருப்பீர்கள். அதே பின்னலைச் செங்கல் சுவரில் கொண்டுவந்திருக்கிறார்கள். என் மைத்துனர் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய தந்தை அவரை முதன்முதலில் குடிசனுக்கு அழைத்துச் சென்றபோது அவருக்கு ஏழு வயதாம். முன்முற்றத்தில் பழைய கப்பல்துறையின் கற்பாவுதலும் சரக்கு ரயில் தண்டவாளங்களும் அப்படியே கிடக்கின்றன. மக்கள் அவற்றின் மேல் நடந்துதான் உள்ளே போகிறார்கள்.

உள்ளே நுழைந்த நொடியைக் கேட்டீர்கள். நாங்கள் தெற்குக் கேலரியில் இருந்தோம். இடையில் எந்தத் தடுப்பும் அடுக்கும் இல்லாமல் ஒரே சரிவாக, ஏறத்தாழ 13,000 பேர் அமரும் கேலரி அது. சரிவு 35 பாகைக்கு மயிரிழை குறைவு; இங்கிலாந்தின் விதிகள் அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. இருண்ட படிக்கட்டில் ஏறி வெளிச்சத்துக்கு வந்ததும், புல்தரை எனக்கு எதிரே இல்லை, காலடியில் இருந்தது. கிணற்றங்கரையில் நின்று தண்ணீரை எட்டிப் பார்ப்பதுபோல முதலில் ஒரு கிறக்கம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் அது போய்விட்டது. அதன் பிறகு முன்வரிசைத் தலைகள் ஒருமுறைகூடப் பார்வையை மறைக்கவில்லை.

அணி களத்துக்கு வருமுன் குடிசனில் ஒலித்த அதே சங்கு இங்கேயும் ஒலித்தது. என் தாத்தா டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரைக் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ஆலைச் சங்கு ஒலித்தால் வீடே எழுந்துவிடும் என்று பாட்டி சொல்வார். அதைக் கேட்டதும் எனக்கு உடல் சிலிர்த்தது. 23-ஆவது நிமிடத்தில் கிரீலிஷ் இடப்புறமிருந்து அனுப்பிய பந்தை இலிமான் என்டியாயே வலைக்குள் தள்ளினார். குடிசனில் ஆண்கள் அணியின் கடைசி இரண்டு கோல்களும் அவருடையவை. புதிய வீட்டின் முதல் லீக் கோலும் அவருடையதாகவே அமைந்தது. தங்கையே, உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தச் சத்தம் மேலே போகவில்லை. கூரையில் மோதித் திரும்பி எங்கள் முதுகில் விழுந்தது. இடைவேளைக்குப் பின் எங்கள் ஆட்டக்காரர் ஜேம்ஸ் கார்னர் தொலைவிலிருந்து அடித்த கோலுக்கும், பிரைட்டனின் வெல்பெக் அடித்த பெனால்டியை எங்கள் கோல் காவலர் பிக்ஃபோர்ட் தடுத்தபோதும், அது இன்னும் பெரிதாக இருந்தது. 2-0 என்று வென்றோம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அருகிலுள்ள ரயில் நிலையத்துக்குப் போகும் வரிசை நகரவே இல்லை. நாங்கள் சலித்துப்போய் மீண்டும் நகர மையத்துக்கே நடந்தோம். அரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. முழங்கால் வலியுடன் அந்த நடையை அப்பாவுக்கு வைக்காதீர்கள். ஆட்டம் முடிந்த பின் முற்றத்திலேயே முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் கிளம்புங்கள்.

கிளேர்வுட் பெரியவர் எழுதியது:

மகளே, உன் அப்பாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நான் 2013-இல் குடிசனையும், சென்ற பருவத்தில் புதிய அரங்கத்தையும் பார்த்தவன். குடிசனில் எனக்குக் கிடைத்தது தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை. ஒரு கோல் கம்பத்தை நான் பார்க்கவே முடியாது. பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர், முன்பின் அறியாத என்னிடம், நடப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். பெய்ன்ஸும் பியனாரும் இடது ஓரத்தில் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு முன்னேறுவதை அந்தத் தூணின் இருபுறமும் தலையை ஆட்டியபடி பார்த்தேன். அரங்கத்தின் ஒரு மூலையில் தேவாலயம், வாசலை ஒட்டி வீடுகள். ஜன்னலைத் திறந்தால் ஆட்டச் சத்தம் அடுக்களைக்குள் வரும் தெருக்கள் அவை. 1892 முதல் அந்தத் தெருக்கள் அந்தக் கழகத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவுக்கு எதிராக யூசேபியோ நான்கு கோல் அடித்ததும் அங்கேதான். நம் பக்கத்து நாடான மொசாம்பிக்கில் பிறந்த பிள்ளை அவர்.

புதிய அரங்கத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், ஆட்டம் பார்க்க அதைவிட நல்ல இடத்தில் நான் அமர்ந்ததில்லை. ஆனால் வெளியே வந்தால் கிடங்குகளும் அகலச் சாலையும்தான். அருகில் குடியிருப்பு குறைவு. நிறவெறிச் சட்டத்தால் டர்பனின் காட்டோ மேனர் பகுதியிலிருந்து எங்கள் குடும்பம் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்டபோது எனக்குச் சிறு வயது. புது வீட்டில் தண்ணீர்க் குழாயும் விளக்கும் இருந்தன. ஆயினும் அம்மா பல மாதங்கள் பழைய வீட்டு மாமரத்தைப் பற்றியே பேசினார். இதையும் அதையும் ஒன்றாக வைக்கவில்லை. எங்களைச் சட்டம் துரத்தியது, இவர்கள் தாமாக விரும்பிப் போனார்கள். ஓர் இடம் வீடாக மாற ஆண்டுகள் ஆகும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று. குடிசனை இடிக்கவில்லை. எவர்ட்டன் பெண்கள் அணி 2025-26 பருவம் முதல் அங்கேதான் ஆடுகிறது. உன் அப்பா "இனிப் பார்க்க என்ன இருக்கிறது" என்று கேட்டால், அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன என்று சொல்.

துறைமுகத்துக்காரன் எழுதியது:

டர்பன் துறைமுகத்தில் 22 ஆண்டுகள் பொறியாளராக வேலை செய்தவன் என்பதால், எனக்கு அந்த அரங்கத்தைவிட அது நிற்கும் தரைதான் பெரிய வியப்பு. பிராம்லி-மூர் கப்பல்துறை 1848-இல் திறக்கப்பட்டது; ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளர் கட்டியது. இன்று ஆட்டம் நடக்கும் இடத்தில் அன்று கப்பல்கள் நின்றன. ஐரிஷ் கடலடியிலிருந்து மணலை அள்ளி வந்து அந்தத் தண்ணீர்ப் பரப்பை நிரப்பிய பிறகே கட்டுமானம் தொடங்கியது. பழைய துறையின் சுவர்களைப் பெயர்க்காமல் மணலுக்கடியில் விட்டுவைத்தார்கள். மேற்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கால்வாயையும், 1883-ஆம் ஆண்டின் நீரழுத்த இயந்திரக் கூடத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு செய்தும் யுனெஸ்கோ 2021 ஜூலையில் லிவர்பூலின் உலக மரபுச் சின்னத் தகுதியை நீக்கியது. அதற்குக் காட்டிய காரணங்களில் இந்த அரங்கமும் ஒன்று. அந்த முடிவு எனக்கு இன்றும் வருத்தம். பயனற்றுக் கிடந்த ஒரு துறைக்கு மீண்டும் மனிதர்கள் வருவதைவிட நல்ல பாதுகாப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை.

சத்தத்தைப் பற்றி: நம் டர்பனின் மோசஸ் மபிடா அரங்கத்தில் கழக ஆட்டங்களுக்குச் சத்தம் மெலிவாகக் கேட்பதற்கு முதன்மைக் காரணம் இருக்கைகள் காலியாக இருப்பதே. 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயினும் ஜெர்மனியும் ஆடிய அரையிறுதியில் பூயோல் தலையால் முட்டிக் கோல் அடித்தபோது நான் அங்கே இருந்தேன்; அன்று காது அடைத்துவிட்டது. எவர்ட்டனுக்குக் கூட்டம் ஒரு குறையே இல்லை. குடிசனில் ஏறத்தாழ 39,000 பேருக்குத்தான் இடம் இருந்தது, இங்கே ஏறத்தாழ 53,000. அத்துடன் கேலரிகள் செங்குத்தாகவும் களத்தை ஒட்டியும் இருப்பதால், மக்களுக்கும் கூரைக்கும் இடையிலான வெற்றிடம் குறைகிறது. சத்தம் தப்பிப் போக வழி குறைவு.

காற்றை மறந்துவிடாதீர்கள். மெர்சி ஆறு கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது. நான் மார்ச் மாதம் போனேன். முற்றத்தில் நின்ற பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிட்டன. உள்ளே போனதும் அவ்வளவு இல்லை. நம் ஊர்க் குளிருக்கு வாங்கிய சட்டை அங்கே போதாது.

சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உணவுக்குப் பின் எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். செங்கல் சுவரில் லீச்சின் பின்னல் இருப்பதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பெரியவர் தூணுக்குப் பின்னாலிருந்து பியனாரைப் பார்த்ததைக் கேட்டதும், "தூணுக்குப் பின்னால் என்றாலும் பார்த்திருக்கிறாரே" என்றார். குடிசன் இன்னும் நிற்கிறது, அங்கே ஆட்டமும் நடக்கிறது என்று வாசித்தபோது, கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார். ஒரே வார இறுதியில் இரண்டு இடத்திலும் ஆட்டம் வருமா என்று கேட்கிறார். அப்படி அமைவதுண்டா? தெற்குக் கேலரியின் சரிவு அவருக்கு ஒத்துவருமா, வேறு பக்கம் எடுப்பது நல்லதா?

பீனிக்ஸ் நீலன் எழுதியது:

தெற்குக் கேலரி வேண்டாம், தங்கையே. அங்கே பெரும்பாலும் எல்லாரும் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள். அப்பாவால் 90 நிமிடம் நிற்க முடியாது. கிழக்கு அல்லது மேற்குக் கேலரியில், கீழ் அடுக்கில், படி குறைவாக உள்ள வரிசையைக் கேட்டு வாங்குங்கள். தெற்குக் கேலரி அங்கிருந்து பக்கவாட்டில் முழுதாகத் தெரியும், அந்தச் சத்தமும் வந்து சேரும்.

இரண்டு அணிகளின் ஆட்டமும் அடுத்தடுத்த நாட்களில் அமைவதற்கு வாய்ப்பு உண்டு. ஆனால் தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும்; தேதி உறுதியாகும் வரை விமானச் சீட்டில் கை வைக்காதீர்கள். உறுப்பினர் கணக்கை இப்போதே தொடங்கிவிடுங்கள், உறுப்பினர்களுக்குத்தான் சீட்டு முதலில் கிடைக்கும். நம் கடவுச்சீட்டுக்கு இங்கிலாந்து விசா தேவை என்பதால் அதற்கும் கால அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அரங்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மைல். அந்தத் தூரத்துக்கு வாடகை வண்டி எடுங்கள்.

சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

மிக்க நன்றி, அண்ணா. உறுப்பினர் கணக்கை இன்று காலை அப்பாவின் பெயரில் தொடங்கிவிட்டோம். அவருடைய கடவுச்சீட்டு காலாவதியாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. திங்கட்கிழமை அதைப் புதுப்பிக்கப் போகிறோம். படம் எடுக்க எந்தச் சட்டை போடுவது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எந்த நிறம் என்று அவர் கேட்கவில்லை.