80 ஹெர்ட்ஸில் விழும் பள்ளம்: டேப்பா, மைக்கா?

டிக்கி_டமாரம்:
ஹேட்ச்பேக் வண்டியில் பாட்டுக் கேட்கும் அமைப்பு. கதவுகளில் தாழ்ந்த, நடு ஒலிக்கு ஆறரை அங்குல ஊஃபர், முன்கண்ணாடியின் பக்கத் தூணான ஏ-பில்லரில் உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர், டிக்கியில் மூடிய பெட்டிக்குள் ஆழமான பேஸுக்கு 10 அங்குல சப். எல்லாம் டிஎஸ்பி (ஒலியைப் பிரித்துத் திருத்தும் டிஜிட்டல் கருவி) வழியாகப் போகிறது. சப்புக்கும் கதவுக்கும் ஒலியைப் பங்கிட வெட்டும் இடம், அதாவது கிராஸோவர், 80 ஹெர்ட்ஸ். இருபுறமும் லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகை ஃபில்டர், ஆக்டேவுக்கு (அலைவரிசை இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் சரிவு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து டேப் பிடித்து அளந்தேன். சப் 190 செ.மீ., இடது கதவு 135, வலது கதவு 85. ஒலி ஒரு மில்லி செகண்டில் 34.4 செ.மீ. போகும் என்ற கணக்கில் எல்லாம் சப்போடு ஒரே நேரத்தில் காதுக்கு வர, இடதுக்கு 1.6, வலதுக்கு 3.05 மில்லி செகண்ட் டிலே (தாமதம்) கொடுத்தேன். ஆனாலும் பேஸ் கிட்டார் கீழிருந்து ஏறும்போது நடுவில் இரண்டு சுரங்கள் காணாமல் போகின்றன. மீதி பேஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. எங்கே தவறு?

காதே_கணக்கு:
தம்பி, இதற்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். சப்பின் போலாரிட்டியைத் திருப்புங்கள். வயரில் பிளஸ் மைனஸை மாற்றினாலும் சரி, டிஎஸ்பியில் 180 என்று கொடுத்தாலும் சரி. எந்த நிலையில் பேஸ் கனமாகி முன்னால் வருகிறதோ, அதுதான் சரி. ஐந்து நிமிட வேலை.

அளவுகோல்:
பள்ளம் நிரம்பும். காரணம் மறையும். போலாரிட்டி வேறு, ஃபேஸ் (அலை தன் 360 டிகிரிச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) வேறு. போலாரிட்டியைத் திருப்பினால் எல்லா அலைவரிசையிலும் 180 டிகிரி மாறும். டிலே அப்படியல்ல: 6.25 மில்லி செகண்ட் தாமதம் 80 ஹெர்ட்ஸில் 180 டிகிரி, 40 ஹெர்ட்ஸில் 90 டிகிரிதான். ஒன்றின் குறையை மற்றொன்றால் அடைத்தால் ஏதோ ஓரிடத்தில்தான் பொருந்தும்.

இன்னொன்று. 24 டெசிபெல் லிங்க்விட்ஸ்-ரைலியில் இரு பக்கமும் வெட்டும் இடத்தில் தலா 6 டெசிபெல் இறங்கி, ஒரே ஃபேஸில் சந்திக்க வேண்டும். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976இல் அதை எழுதியதே அதற்காகத்தான். ஆனால் அது காகிதத்தில் உள்ள ஃபில்டர். கதவு ஊஃபர் தன் ஒத்ததிர்வுக்குக் கீழே தானாகவே ஆக்டேவுக்குச் சுமார் 12 டெசிபெல் சரியும். நீங்கள் கொடுத்த 24 அதன் தலைமேல் ஏறுகிறது. காதுக்கு வருவது இரண்டும் சேர்ந்த சரிவு. டேப்புக்கு இது எதுவும் தெரியாது. மைக் வைத்து அளக்காமல் பேசுவது வெறும் ஊகம்.

காதே_கணக்கு:
மைக் மைக் என்கிறீர்கள். யூஎஸ்பி மைக்குக்கு ஒலி எப்போது கிளம்பியது என்றே தெரியாதே, நேரத்தை எப்படி அளக்கும்? வரைபடத்தை நேராக்கிவிட்டுப் பாட்டைக் கேட்க மறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவுகோல்:
ஆர்இடபிள்யூ என்ற ஒலி அளக்கும் மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது. ஏதாவது ஒரு ட்வீட்டரிலிருந்து குறிப்பொலியை முதலில் அனுப்பி, அதிலிருந்து நேரத்தை எண்ணும். கதவையும் சப்பையும் அதே குறிப்பொலியோடு தனித்தனியே அளந்து ஃபேஸ் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். வரைபடத்தை வணங்கச் சொல்லவில்லை.

கதவுத்_தச்சன்:
இருவரும் சற்று நிறுத்துங்கள். டமாரம், உங்கள் சப்புக்கான மோனோ ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் எல்பிஎஃப் (குறித்த அலைவரிசைக்கு மேலுள்ளதை வெட்டும் ஃபில்டர்) என்று ஒரு குமிழ் இருக்கும். அது எங்கே நிற்கிறது? கதவின் உள்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா? அடைக்காவிட்டால் கூம்பின் பின்புற ஒலி முன்னால் வந்து பேஸைத் தின்றுவிடும். எந்த டிஎஸ்பியும் அதை மீட்டுத் தராது. ஊஃபர்களின் போலாரிட்டியை ஒன்றரை வோல்ட் பேட்டரியால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் வைத்தால் கூம்பு வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

டிக்கி_டமாரம்:
ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. கூம்புகள் சரியாகவே நகர்கின்றன. போலாரிட்டியைத் திருப்பினேன், காணாமல் போன சுரங்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன. ஆனால் டிரம்ஸின் அடி முன்னால் விழுகிறது, அதன் கனம் பின்னால் தாமதமாக வந்து சேர்கிறது. எல்பிஎஃப் குமிழ் 80இல் நிற்கிறது, பொருத்திய கடையில் அப்படியே விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் 24 டெசிபெல் என்று அச்சிட்டிருக்கிறது.

அளவுகோல்:
அகப்பட்டது. டிஎஸ்பியில் ஒரு 24, ஆம்ப்ளிஃபயரில் இன்னொரு 24. சப் 80 ஹெர்ட்ஸில் 6 அல்ல, ஏறத்தாழ 12 டெசிபெல் இறங்கி, கூடுதலாக 180 டிகிரி சுற்றி நிற்கிறது. கதவோடு நேருக்கு நேர் மோதியது அதனால்தான், திருப்பியதும் சரியானதுபோல் தெரிந்ததும் அதனால்தான். தாமதம் மட்டும் எங்கும் போகவில்லை. அந்த இரண்டாவது ஃபில்டர் ஆழமான சுரங்களை ஏறத்தாழ ஐந்தரை மில்லி செகண்ட் பின்தள்ளும். சப்பை இன்னொரு 190 செ.மீ. பின்னால், அதாவது நடுத்தெருவில், வைத்ததற்குச் சமம். நண்பர் சொன்ன ஐந்து நிமிட வேலை இதைத்தான் மூடி மறைத்திருக்கும்.

காதே_கணக்கு:
கண்டுபிடித்தது தச்சன், உங்கள் மைக் அல்ல! ஆம்ப்ளிஃபயரைப் பார்க்காமல் வெறும் வரைபடத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் ஐந்தரை மில்லி செகண்ட் டிலேயைக் கதவில் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்றிருப்பீர்கள்.

அளவுகோல்:
வரைபடத்தில் சப்பின் சரிவு 48 என்று தெரிந்திருக்கும். அப்போது கேள்வி வந்திருக்கும்.

கதவுத்_தச்சன்:
குமிழை முழுதாக மேலே திருப்பிவிடுங்கள். ஆஃப் இருந்தால் இன்னும் நல்லது. போலாரிட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கதவும் சப்பும் மட்டும் பாடட்டும், 60 முதல் 110 ஹெர்ட்ஸ் வரையிலான பிங்க் நாய்ஸ் (பல அலைவரிசைகள் கலந்த இரைச்சல்). சப்பின் போலாரிட்டியை வேண்டுமென்றே தலைகீழாக்கி, கதவுகளின் டிலேயை மெல்ல நகர்த்தி, ஒலி எங்கே மிகக் குறைவாகிறதோ அங்கே நிறுத்துங்கள். இப்போது போலாரிட்டியை நேராக்குங்கள். கூடுவதைவிட அழிவதைக் காது எளிதில் பிடிக்கும்.

காதே_கணக்கு:
இது முழுக்க முழுக்கக் காது வேலை. குறித்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல்:
ஒற்றைச் சுரத்தில் செய்தால் ஒரு முழுச் சுற்று தள்ளிப் போய்ப் பொருந்தினாலும் காதுக்குத் தெரியாது. தச்சன் நாய்ஸ் என்று சொன்னதன் காரணம் அதுதான்.

காதே_கணக்கு:
80 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று என்பது 4.3 மீட்டர், வண்டியின் நீளத்தையே மிஞ்சும். அவ்வளவு தவறாக டிலே வைப்பவருக்கு மைக்கும் உதவாது.

அளவுகோல்:
சப்பில் விட்டுக்கொடுக்கிறேன். ட்வீட்டரை 3000 ஹெர்ட்ஸில் வெட்டுகிறாரே, அங்கே ஒரு சுற்று 11.5 செ.மீ. டேப்பை மூக்கில் வைத்தாரா காதில் வைத்தாரா என்பதிலேயே பாதி போய்விடும்.

காதே_கணக்கு:
மைக்கை வைத்த இடத்திலும் அதே பாதி போகும். ஓட்டுபவர் தலையைத் திருப்பினாலும் போகும். அவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் இருபுற ட்வீட்டர்களின் ஒலி அளவைச் சமமாக வைத்து, பாடகர் குரல் டேஷ்போர்டின் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். பக்கத்து இருக்கையில் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் எந்த டிலேயும் அவருக்குப் பொருந்தாது.

டிக்கி_டமாரம்:
எல்பிஎஃப்பை 250க்கு ஏற்றிவிட்டு, தச்சன் அண்ணன் சொன்னபடி செய்தேன். கதவுகள் இரண்டிலும் முன்பிருந்ததைவிட 0.9 மில்லி செகண்ட் கூடுதலாக வைத்ததும் பேஸ் கிட்டார் கோடு அறுபடாமல் ஏறுகிறது. அளவுகோல் ஐயா, டேப் கணக்குக்கும் இதற்கும் உள்ள அந்த 0.9 எங்கிருந்து வருகிறது?

அளவுகோல்:
250இல் நின்றாலும் எல்பிஎஃப் தரும் மீதித் தாமதம், கதவின் இயல்பான சரிவு, சப் பெட்டியின் இயல்பான சரிவு, டிக்கிக்குள் ஒலி எதிரொலிப்பது, நான்கும் கலந்தது. பிரித்துச் சொல்ல அளக்க வேண்டும்.

காதே_கணக்கு:
பிரித்துச் சொல்லி என்ன செய்யப் போகிறார்? பாட்டைப் போடுங்கள் தம்பி.