உண்மைக் குற்றக் கதைகள் ஏன் நம்மை விடுவதில்லை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடசென்னை வாசகன்

ஆளவந்தார் கொலை வழக்கை மற்றவர்கள் புத்தகத்தில் படித்திருப்பார்கள். ராயபுரத்தில் வளர்ந்த எங்களுக்கு அது பக்கத்துத் தெரு விவகாரம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாரிமுனையில் ஒரு பேனாக் கடையை ஒட்டி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆளவந்தார். தவணைக்குப் புடவையும் கொடுப்பார். முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். 1952 ஆகஸ்ட் 28ஆம் தேதி செமட்டரி ரோட்டில் ஒரு வீட்டுக்குப் போனார், திரும்பவில்லை. அந்த வீட்டுப் பெண் தேவகிக்கும் அவருக்கும் அவள் கல்யாணத்துக்கு முன்பே பழக்கம் இருந்தது. மறுநாள் போட் மெயிலில், அதாவது இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில், மூன்றாம் வகுப்பு சீட்டுக்கு அடியிலிருந்து துர்நாற்றம். மானாமதுரையில் டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் புதைக்கப்பட்டிருந்தது. அலை அதை வெளியே தள்ளிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு வழக்கு பிடித்துக்கொண்டது. தலை ஒரு ஊரில், உடல் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால். மரபணுச் சோதனை என்ற ஒன்றே கிடையாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரே ஆளுடையவை என்று நிறுவினார். காதுத் துளையையும் பல்வரிசையையும் பார்த்து மனைவி அடையாளம் காட்டினார். தேவகியும் அவள் கணவர் பிரபாகர மேனனும் பம்பாயில் பிடிபட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் ஜூரி வைத்து, அதாவது பொதுமக்களில் சிலரையே நடுவர்களாக உட்காரவைத்து, நடந்த விசாரணையைப் பார்க்க அவ்வளவு கூட்டம். நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் 1953 ஆகஸ்ட் 13 அன்று மேனனுக்கு 7 ஆண்டும் தேவகிக்கு 3 ஆண்டும் கொடுத்தார்.

ரத்தம் எனக்கு வேண்டாம். வெட்டின இடத்தை யாராவது விவரித்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். நான் பள்ளிக்கூடம் போன வழியில், கைலியும் பாலிதீன் பையுமாக ஆட்கள் நடக்கிற அதே தெருவில் இது நடந்தது என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. அந்தப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்க யாரோ கை கொடுத்திருப்பார்கள் இல்லையா? பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் சாப்பிட்டிருப்பார். இதை நினைக்க ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும்.

உங்களுக்கு எது? எந்த வழக்கு முதலில் பிடித்தது?

மானாமதுரைக்காரன்

அண்ணே, வெளியூர்க்காரவுகளுக்கு மானாமதுரைன்னா கடம் ஞாபகம் வரும். எங்க பெரியப்பா தலைமுறைக்கு அந்தப் பெட்டிதான். அவர் ரயில்வேல கலாசியா இருந்தவரு. அந்தப் பெட்டி இறங்கினப்ப அவருக்கு வேலையே கிடைக்கல, சின்னப் பையன். ஆனா சொல்றப்போ கூட நின்னு பார்த்த மாதிரியே சொல்லுவாரு. அவர் மட்டுமில்ல, அந்த வயசுல ஊருல இருந்த எல்லாருமே பார்த்தவுகதான்! பொய் சொல்றாகன்னு நான் நினைக்கல. ஊருக்கே சொந்தமான கதையில ஆளாளுக்கு ஒரு இடம் வேண்டியிருக்கு.

பெரியப்பா ஒண்ணு மட்டும் விடாம சொல்லுவாரு. "வண்டில அத்தனை சனம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் வந்திருக்கான். எவனோ ஒருத்தன் வாயைத் திறந்து சொன்னான் பாரு, அவன்தாண்டா மனுசன்." அந்த ஒருத்தர் பேரு எங்கயும் நான் படிச்சதில்ல.

யாழ்ப்பாணத்தான்

போட் மெயில் எண்டதும் எழுதாமல் இருக்க ஏலாது. எங்கட அம்மப்பா கொழும்பில கடை வைச்சிருந்தவர், சரக்கெடுக்க அந்த வழியாலதான் போய்வருவார். தலைமன்னாரில கப்பல் ஏறி தனுஷ்கோடியில இறங்கினால் ரயில் நிக்கும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் ஒவ்வொருமுறையும் ஏறினவுடன குனிஞ்சு சீட்டுக்குக் கீழ பார்ப்பாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1964 டிசம்பர் புயலோட தனுஷ்கோடியும் போச்சு, அந்தப் பாதையும் போச்சு. அந்தப் பழக்கம் மட்டும் அவரிட்ட கடைசிவரைக்கும் இருந்தது, பஸ்ஸிலயும்.

அப்பத்தாவின் பேத்தி

எனக்கு இது அப்பத்தா வழியாக வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. ஆனால் கொலைச்சிந்து பாட்டுகள் வரிசையாகத் தெரியும்.

இப்போது கேட்பவர்களுக்குக் கொலைச்சிந்து என்றால் என்னவென்றே தெரியாது. எங்காவது ஒரு கொலையோ ரயில் விபத்தோ வெள்ளமோ நடந்தால் சில நாளிலேயே அதைப் பாட்டாகக் கட்டி, மட்டமான காகிதத்தில் அச்சடித்து, காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்பார்கள். சென்னையில் குஜிலிக் கடைத்தெரு அதற்குப் பேர்போனது. பாட்டுக்காரர்கள் அந்தப் புத்தகங்களைச் சந்தைக்கும் ரயிலுக்கும் எடுத்துப்போய்ப் பாடிப் பாடி விற்பார்கள். பிள்ளையாருக்குக் காப்புச் சொல்லிவிட்டு ஊர் பேர், குலம், நாள் எல்லாம் பிசகாமல் ஆரம்பிக்கும். தினத்தந்தி 1942இல் மதுரையில் தொடங்கி, டீக்கடையில் ஒருத்தர் படிக்கப் பத்துப் பேர் கேட்கிற வழக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பாமர ஜனங்களுக்குச் செய்தி இப்படித்தான் போயிற்று. உண்மைக் குற்றக் கதை ஏதோ நேற்று பாட்காஸ்டில் பிறந்தது என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை.

அப்பத்தா பாடியதில் ஒரு பாட்டு மாமியார் வீட்டில் செத்துப்போன ஒரு மருமகளைப் பற்றியது. கொலை நடந்ததை நாலு வரியில் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு செத்தவளே பேச ஆரம்பிப்பாள். அண்ணன் சீர் கொண்டு வந்ததை, வாசலில் நின்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனதை, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டிப்போயிருப்பானே என்பதை நீட்டி நீட்டிப் பாடுவார். அப்பத்தாவுக்கு ஒவ்வொரு தடவையும் கண் நிறைந்துவிடும். நாற்று நடும்போதும் பாடுவாராம், கூட நிற்கிற பெண்கள் எல்லாரும் அழுவார்களாம்.

நான் இன்று நள்ளிரவு வரை காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற நிகழ்ச்சிகளில் கொன்றவன் சின்ன வயதில் என்ன சாப்பிட்டான் என்பது வரைக்கும் சொல்கிறார்கள். செத்தவளுக்கு ஒரு போட்டோ, ஒரு வயது. பத்திரிகையில் இன்னும் மோசம், தலைப்பிலேயே அவளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அப்பத்தாவின் பாட்டில் இருந்தது இவற்றில் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு பெண் எந்த இடத்தில் "இவன் சரியில்லை" என்று உணர்ந்தாள், எந்த இடத்தில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம் என்பதைத் தேடிக்கொண்டேதான் கேட்கிறேன். என் தோழிகள் பலரும் அப்படித்தான்.

வழக்கறிஞர் அக்கா

தம்பி வடசென்னைக்கும் மேலே எழுதிய தங்கைக்கும் சேர்த்து எழுதுகிறேன். எனக்குப் பிடித்துக்கொண்டது லட்சுமிகாந்தன் வழக்கு. அதில் விடை இல்லை.

'இந்து நேசன்' பத்திரிகையில் சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிவந்த லட்சுமிகாந்தனை 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் போகும்போது குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் செத்துப்போனார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி பார்த்த படம். திரையில் பாகவதர் பாட, ஜனம் உருக, ஆள் ஜெயிலில்! ஜூரி குற்றவாளிகள் என்றது. உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலை. கிருஷ்ணன் மறுபடி எழுந்து நின்றார். பாகவதரின் மார்க்கெட் எழவே இல்லை. 1959இல் 49 வயதில் போய்விட்டார்.

அப்படியானால் குத்தியது யார்? இன்றுவரை பதில் கிடையாது. சட்டக் கல்லூரியில் இதைப் படித்தபோது இரண்டு பேருக்காகவும் எல்லாரும் வருத்தப்பட்டார்கள், நானும்தான். குத்துப்பட்டவனுக்காக வகுப்பில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எழுதியது அசிங்கமாகவே இருக்கட்டும், ஒரு மனுஷன் நடுத்தெருவில் குத்துப்பட்டிருக்கிறான். விடை கிடைக்காத வழக்கு எனக்குத் தைக்காத காயமாகவே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இப்படியெல்லாம் எழுதலாமா?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இதற்கான சட்டம் தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே பிறந்தது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையில் தன் வாழ்க்கையை எழுதினான். அதை வெளியிட நக்கீரன் முன்வந்தது. அதிகாரிகள் பலருடைய பெயர் அதில் வரும் என்ற பேச்சு இருந்தது. வெளியிடக் கூடாது என்று சிறைத்துறைத் தலைவர் கடிதம் அனுப்பினார். உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்புச் சொன்னது. வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை யாருடைய அனுமதியும் இல்லாமல் எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய அந்தரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் அவர் வழக்குப் போடலாம். பாலியல் கொடுமைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரை மட்டும், ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடாதே என்றது. ஆறு மாதம் கழித்து, 1995 ஏப்ரல் 27 அன்று, சேலத்தில் சங்கரைத் தூக்கிலிட்டார்கள்.

நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பை, இந்த வகைக் கதை எழுதுகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். நீளமும் அதிகம் இல்லை.

பெயர் வேண்டாம்

எல்லாம் படித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

என் அத்தை கொலை செய்யப்பட்டவர். ஊரும் வருடமும் சொல்ல மாட்டேன். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அப்போது ஒரு வார இதழ் அத்தையின் கல்யாணப் படத்தை எங்கிருந்தோ வாங்கிப் போட்டது. அத்தை எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பார். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அதெல்லாம் அதில் இல்லை. அவரைப் பற்றி அதில் எழுதியிருந்ததை அப்பா எங்களைப் படிக்க விடவில்லை. பெரியவளான பிறகு நானே தேடிப் படித்தேன்.

இப்போதும் விசேஷ வீடுகளில் யாராவது மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அந்தக் கேஸ் என்னாச்சு?" என்பார்கள். அப்பாவுக்கு முகம் இறுகிவிடும். எனக்கு மட்டும் வேறு மாதிரி. கேட்கிறார்களே என்று இருக்கும். போலீஸ் கேட்பதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது. உறவினர்கள் நல்லெண்ணத்தில் பேச்சை மாற்றுகிறார்கள். ஊர் வம்புக்காகவாவது ஒருத்தர் ஞாபகம் வைத்திருக்கிறார்.

நானும் இந்தக் கதைகளை விடாமல் படிக்கிறவள்தான். அம்மாவுக்கு அது புரியவே இல்லை, "போதாதா உனக்கு?" என்பார். பழைய வழக்கு ஒன்றை வருடக்கணக்காக விடாமல் துருவி ஒருத்தர் விடை கண்டுபிடித்தார் என்று எங்காவது வந்தால் அன்று முழுக்க அதுவேதான் ஓடும். அப்பத்தாவின் பேத்தி எழுதிய அந்த அண்ணன், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனவர், அவர்தான் என் அப்பா மாதிரி. அந்தப் பாட்டின் வரிகள் கிடைத்தால் போடுங்கள். அப்பாவிடம் காட்ட மாட்டேன். எனக்கு வேண்டும்.

அப்பத்தாவின் பேத்தி

அக்கா, அத்தையிடமும் சித்தியிடமும் கேட்டு, நினைவில் இருக்கிற வரை எழுதி அனுப்புகிறேன். ஒரு சரணம் நிச்சயம் சித்திக்குத் தெரியும்.

வடசென்னை வாசகன்

மேலே எழுதிய சகோதரிக்கு வணக்கம். உங்கள் பதிவைப் படித்த பிறகு ஆளவந்தார் வழக்கில் வேறொருவர் எனக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறார். புருஷன் வீடு திரும்பாததும் அவருடைய மனைவி கடை முதலாளியிடம் போய் விசாரித்து, அங்கிருந்து செமட்டரி ரோட்டில் அந்த வீட்டு வாசலுக்கே போனார். இங்கே வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு அவரைத்தான் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போய் அடையாளம் காட்டச் சொன்னார்கள். புருஷனின் நடத்தையை நீதிமன்றத்தில் அலசியதையும் ஊரே படித்தது, அவரும் கேட்டிருப்பார். இத்தனை நாள் இதையெல்லாம் துப்பறிகிற கதையில் ஒரு படியாக மட்டுமே படித்திருக்கிறேன். அவர் சாட்சி சொன்னது முழுதாக எங்கே கிடைக்கும்? வழக்கறிஞர் அக்கா, வழி இருக்கிறதா?

வழக்கறிஞர் அக்கா

இருக்கிறது தம்பி. விசாரணை 1953 மார்ச் 13 அன்று தொடங்கியது. அன்று முதல் தீர்ப்பு நாள் வரையிலான நாளிதழ்களைப் பாருங்கள். அந்தக் காலத்தில் சாட்சியத்தைக் கேள்வி பதிலாகவே நிறையப் போடுவார்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர் அனுமதிக்கு மனுக் கொடுங்கள், என்ன தேடுகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். கொலைச்சிந்துப் புத்தகங்கள் வேண்டுமென்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகம். நீங்கள் போகிற நாளைச் சொன்னால் நானும் வருகிறேன். லட்சுமிகாந்தன் வழக்கில் எனக்கும் பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.