டிஎஸ்சில (வெப்பக் கொள்ளளவு அளக்கற கலோரிமீட்டர்) அமீன் கரைசல் (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சற திரவம்) ஓட்டினவங்க அனுபவத்தச் சொல்லுங்க

கலோரிப்பூனை:
50 சதவீத எம்டிஈஏங்கற அமீன், மிச்சம் தண்ணி. காலி பேன் (சாம்பிள் வெக்கற மூடி போட்ட குட்டிக் கிண்ணம்), வெப்பக் கொள்ளளவு ஏற்கெனவே தெரிஞ்ச சஃபையர், சாம்பிள்னு எல்லாரும் ஓட்டற அதே மூணு ரன்தான். 40 டிகிரில வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி ஏத்தத் தேவையான சூடு, மூணரை ஜூல் பக்கம் அழகா உக்காந்துச்சு, 80 தாண்டினதும் கோடு மெல்ல ஏற ஆரம்பிச்சு பாத்துட்டே இருக்கேன் 4.6ங்குது, தண்ணிக்கே 4.2 தானே, பாதி அமீன் கலந்தது எப்படிங்க அதத் தாண்டும்? பேனை எடுத்து எடை போட்டா கொறச்சல். லென்ஸ்ல பாத்தா மூடி மடிப்புல ஒரே எடத்துல பிசுபிசுன்னு ஒரு பொட்டு. தண்ணி ஆவியாப் போக இழுத்த சூட்டையும் மெஷின் கணக்குல ஏத்திருச்சு. கைடு "80 வரைக்கும் வந்த நம்பரை மட்டும் போட்டுரு"ன்னுட்டார். அதுக்குக் கீழ கசியவே இல்லன்னு யாரு கண்டா? இன்னும் உறுத்துது.

நாலாம்தசமம்:
தம்பி, கசிவுன்னு முடிவு கட்டாதீங்க. கசியாத பேன்லயும் இது வரும், உள்ள காலி எடம் இருந்தா தண்ணி அதுக்குள்ளயே ஆவியாகும். எனக்கு கார்பன் டை ஆக்சைடு ஏத்தின எம்ஈஏங்கற இன்னொரு அமீன்ல, சூட்டுல வாயு பிரிஞ்சு அந்த வெப்பமும் சேந்துக்கிச்சு. பேனை முக்காலுக்கு மேல நிரப்புங்க, அலுமினியம் வேணாம் காரக் கரைசல் அரிக்கும், மொதல்ல சுத்தத் தண்ணிய ஓட்டி 4.18 வருதான்னு பாருங்க, பாட்டிலத் தெறந்து வெக்காதீங்க காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிட்டே இருக்கும், முடிஞ்சா கால்வே டைப் மெஷின்ல (சாம்பிளைச் சுத்தி எல்லாப் பக்கமும் சூட்டை அளக்கறது) காலி எடமே இல்லாத செல் கெடைக்குமான்னு கேளுங்க, சூடேத்தற ரேட்டையும் கொறைங்க.

ரீபாய்லர்காரன்:
நான் அமீன் வெச்சு வாயு சுத்தம் பண்ற பிளான்ட் ஆளு. லீன்-ரிச் எக்ஸ்சேஞ்சர்ல (வாயு பிரிஞ்ச சூடான லீன் அமீன், வாயு ஏறின ரிச் அமீனுக்குச் சூட்டைக் கொடுக்கற எடம்) ரிச் பக்கம் டிசைன் ஷீட்டுல இருந்தத விட சூடா வெளிய வருது, ஆபரேட்டர் தெர்மோமீட்டரயே சந்தேகப்பட்டு மாத்திட்டார், புதுசும் அதையேதான் காட்டுச்சு. ஷீட்டைத் தோண்டினா ஃப்ரெஷ் கரைசலோட வெப்பக் கொள்ளளவு நம்பரையே ரிச் அமீனுக்கும் போட்டிருக்காங்க! வாயு ஏற ஏற வெப்பக் கொள்ளளவு கொறையும்னு வெய்லண்ட் குழு 1997லயே அளந்து போட்டாச்சு, ஆனா 25 டிகிரிலதான். வாயுவப் பிரிக்க அமீனைக் கொதிக்க வெக்கற எங்க ரீபாய்லர் 120 பக்கம் ஓடுது. 80ல நிறுத்தினா எங்களுக்கு என்னங்க பிரயோஜனம்?

கலோரிப்பூனை:
நாலாம்தசமம் அண்ணா, உள்ளயே ஆவியாச்சுன்னா எடை எப்படிக் கொறஞ்சுச்சு? முக்காலுக்கு மேல நிரப்பினா விரிஞ்சு மூடியத் தூக்காதா? ரேட்டு ஏற்கெனவே கொறச்சாச்சு, மேல படிங்க... ஓ, எழுதலயா, சரி.