ஷ்ரோடிங்கரே நம்பாத பூனை

பெரியப்பா: (ஃபார்வர்ட்) பெட்டிக்குள் இருக்கும் பூனை ஒரே நேரத்தில் உயிரோடும் இருக்கும், செத்தும் இருக்கும் என்று குவாண்டம் விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது! மனிதன் பார்ப்பதால்தான் உலகமே உண்டாகிறது!!

பெரியப்பா: கதிர், நீ இயற்பியல் பாடம் எடுக்கிறவன், இது உண்மையாப்பா?

யாழினி: எங்கள் வகுப்பிலும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நிஜமாகவே யாராவது பூனையை அடைத்து வைத்துப் பார்த்தார்களா அண்ணா?

கதிர்: யாரும் எந்தப் பூனையையும் அடைக்கவில்லை யாழினி, இது மனதுக்குள் மட்டும் செய்து பார்க்கிற சோதனை. 1935-இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் ஒரு ஜெர்மன் அறிவியல் இதழில் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார், அதில் ஒரே ஒரு பத்தியில்தான் இந்தப் பூனை வருகிறது. பெரியப்பா, அந்த ஃபார்வர்ட் விஷயத்தை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. பூனை இரண்டு நிலையிலும் இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை, இப்படிக்கூட அபத்தமாக ஒரு முடிவு வருகிறதே, அப்படியானால் நம் புரிதலில் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் எழுதினார்.

அத்தை: பூனையைப் போய் ஏன்ப்பா இழுத்தார் பாவம்

கதிர்: காரணம் இருக்கிறது அத்தை. ஒரு எஃகுப் பெட்டி, உள்ளே பூனை, அதற்கு எட்டாதபடி கதிரியக்கத்தை உணரும் ஒரு கைகர் கருவி, அதில் துளியூண்டு கதிரியக்கப் பொருள். ஒரு மணி நேரத்தில் அதில் ஓர் அணு சிதையலாம், ஒன்றுகூடச் சிதையாமலும் போகலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு. சிதைந்தால் கருவி அதை உணரும், ரிலே என்கிற மின்விசை இயங்கிச் சுத்தியலை விடுவிக்கும், சுத்தியல் சயனைடு அமிலக் குப்பியை உடைக்கும். அணுவைப் பொறுத்தவரை 'சிதைந்தது, சிதையவில்லை' இரண்டும் கலந்த நிலை என்று, அணு அளவில் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் சமன்பாடு சொல்கிறது, அதைக் கேட்டு யாரும் பதறுவதில்லை, ஏனென்றால் அணுவை நாம் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த அணுவின் தலைவிதியோடு பூனையின் தலைவிதியைக் கட்டிவிட்டால் அதே சமன்பாடு பூனையையும் கலந்த நிலையில்தான் எழுதுகிறது. அதுவும் 1926-இல் அவரே தந்த சமன்பாடு!

யாழினி: இதில் என்ன அதிசயம்? நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே. பெட்டியைத் திறந்தால் தெரிந்துவிடும்

கதிர்: சரியான இடத்தில் பிடித்தாய். காசைச் சுண்டி உள்ளங்கையில் மூடிக்கொண்டால் பூவா தலையா என்பது உள்ளே முடிவாகிவிட்டது, நமக்குத்தான் தெரியாது. குவாண்டம் அப்படி இல்லை என்பதற்குச் சோதனை இருக்கிறது. உன் புத்தகத்தில் யங் இரட்டைப் பிளவுச் சோதனை இருக்கிறதே, இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே விட்டால் திரையில் வரிவரியாகப் பட்டைகள் விழுமே

யாழினி: ஆமாம், ஆனால் அது ஒளிக்கு

கதிர்: எலக்ட்ரானுக்கும் செய்திருக்கிறார்கள். ஜப்பானில் இயற்பியலாளர் டோனோமுராவும் ஹிட்டாச்சி நிறுவனக் குழுவினரும் 1989-இல் வெளியிட்டது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான், இரண்டு வழிகளில் எதில் வேண்டுமானாலும் போகலாம். திரையில் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், வெறும் இரைச்சல் மாதிரி. ஆயிரக்கணக்கில் சேரச் சேர அதே புள்ளிகள் வரிவரியாகப் பட்டைகள் ஆகின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழியாக மட்டும் போயிருந்தால் அந்தப் பட்டைகள் வரவே வராது. எந்த வழியில் போனது என்று அறிய ஏற்பாடு செய்தால் பட்டைகள் போய்விடும்.

பெரியப்பா: அப்போ பார்த்தால் மாறுகிறது என்பது சரிதானே? நான் அனுப்பியதும் அதைத்தானே சொல்கிறது

கதிர்: 'பார்ப்பது' என்றால் மனிதர் கண் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிசகு பெரியப்பா. வியன்னாவில், ஷ்ரோடிங்கர் பிறந்த ஊரிலேயே, 1999-இல் அறுபது கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளுக்கே இந்தப் பட்டைகளைக் காட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதைவிடச் சற்றுப் பெரிய மூலக்கூறை வைத்துச் செய்தபோது, வெற்றிடக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டுப் பார்த்தார்கள். வாயு கூடக் கூடப் பட்டைகள் மங்கிக்கொண்டே வந்தன. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, வாயு மூலக்கூறு வந்து மோதியதே போதுமாக இருந்தது, மோதல் 'இந்த வழியாகத்தான் போனது' என்கிற தடயத்தை வெளியே எடுத்துப் போய்விடுகிறது. இதற்கு டீகோஹெரன்ஸ் என்று பெயர். பூனை மூச்சு விடுகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, காற்று ஓயாமல் மோதுகிறது. அப்புறம் கைகர் கருவியே ஏகப்பட்ட அணுக்கள் கொண்ட பெரிய பொருள், அங்கேயே தடயம் பதிந்துவிடுகிறது. நாம் மூடியைத் திறக்கும் வரை பூனை காத்திருப்பதில்லை.

அத்தை: அப்போ விஷயம் முடிந்தது

கதிர்: அதுதான் இல்லை அத்தை, எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான். பட்டைகள் ஏன் மறைகின்றன என்பதற்கு டீகோஹெரன்ஸ் பதில் சொல்கிறது. இருக்கிற இரண்டு வாய்ப்பில் ஏன் ஒன்று மட்டும் நமக்குக் கிடைக்கிறது என்பதற்குச் சொல்வதில்லை. இரண்டுமே நடக்கிறது, உலகம் கிளை பிரிகிறது என்று அமெரிக்க இயற்பியலாளர் எவரெட் 1957-இல் ஒரு வழி காட்டினார். சமன்பாட்டையே கொஞ்சம் திருத்த வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்றுவரை இயற்பியலாளர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை, மாணவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

யாழினி: பூனை அளவுக்கு இல்லாவிட்டாலும், கண்ணுக்குத் தெரிகிற பொருளில் செய்ய முடியுமா?

கதிர்: நெருங்கிக்கொண்டே இருக்கிறார்கள். 2023-இல் சூரிச்சில் சுமார் 16 மைக்ரோகிராம் படிகத்தின் அதிர்வை எதிரெதிரான இரண்டு நிலைகளிலும் ஒரே நேரத்தில் இருக்க வைத்தார்கள், மெல்லிய மணல் துகள் எடை இருக்கும். அதிர்வின் அளவு என்னவோ அணுவைவிட மிகமிகச் சிறியதுதான்.

பெரியப்பா: எனக்கு அனுப்பியவருக்கு என்ன எழுதட்டும்? சுருக்கமாகச் சொல்லு

கதிர்: 'அது நிரூபணம் இல்லை, ஷ்ரோடிங்கர் எழுப்பிய ஆட்சேபணை, மனிதர் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை' என்று எழுதுங்கள் பெரியப்பா. மேலும் கேட்டால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

யாழினி: அண்ணா, வாயு விட்டதும் பட்டைகள் மங்கியதற்கு வரைபடம் இருக்கிறதா? அதையும் எலக்ட்ரான் புள்ளிப் படத்தையும் அனுப்புங்கள், நாளைக்கு வகுப்பில் காட்டுகிறேன்

கதிர்: இரண்டும் இருக்கிறது, இதோ அனுப்புகிறேன்