தொப்பூர் விபத்து, கார் டோட்டல் லாஸ்: ஐடிவியைக் குறைத்துத் தருகிறார்கள், எப்படிப் பேசுவது?

காவேரிப்பட்டினத்தான்:

வணக்கம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி பின்னால் இடித்து, கார் முன்னால் நின்ற டிரக்கில் சொருகிவிட்டது. முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி, ஏர்பேக் இரண்டும் விரிந்துவிட்டன. ஆட்களுக்குச் சின்னக் காயம்தான். தொப்பூர் ஸ்டேஷனில் லாரி டிரைவர் மேல் எஃப்ஐஆர் போட்டிருக்கிறார்கள்.

நான்கு வருஷ பெட்ரோல் வண்டி, 1,197 சிசி. பாலிசியில் ஐடிவி (வண்டிக்குப் போட்ட காப்பீட்டு மதிப்பு) 5,40,000. ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) கிடையாது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 6,10,000. சர்வேயர் (சேத மதிப்பீட்டாளர்) டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்து பயனில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது கம்பெனி மெயிலில் "இன்றைய மார்க்கெட் விலை 4,65,000, உடைந்த வண்டிக்கு 1,60,000 கழித்து, கட்டாயக் கழிவு 1,000 போக உங்களுக்கு 3,04,000. வண்டி உங்களுக்கே" என்று வந்திருக்கிறது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். பேங்க் லோன் பாக்கி 1,85,000. ஏற்றுக்கொள்ளலாமா?

பாலக்கோடு மூர்த்தி:

தம்பி, கையெழுத்துப் போடாதீங்க. மார்க்கெட் விலை என்று ஒன்றை இப்போது புதிதாகக் கொண்டுவர கம்பெனிக்கு இடமே இல்லை. பாலிசியில் ஐடிவி பத்தியைப் படியுங்கள். டோட்டல் லாஸ் ஆனால் அந்த ஐடிவியையே பாலிசிக் காலம் முழுவதும் மார்க்கெட் மதிப்பாகக் கொள்ள வேண்டும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கும். பிரீமியம் வாங்கும்போது 5,40,000-க்கு வாங்கியவர்கள், கொடுக்கும்போது 4,65,000 என்று சொல்ல முடியாது.

உங்கள் கணக்கு இப்படித்தான் வர வேண்டும். வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொண்டால் 5,40,000-இல் 1,000 போக 5,39,000. வண்டியை நீங்கள் வைத்துக்கொண்டால், அவர்கள் சொல்லும் 1,60,000-ஐயே ஏற்றாலும், 3,79,000. மெயிலில் உள்ளதைவிட 75,000 அதிகம்.

ஒரு எச்சரிக்கை. ஐடிவியில் நீங்கள் பிடிவாதமாக நின்றால், "அப்படியானால் ரிப்பேர் கணக்கில் முடிக்கிறோம்" என்று திருப்புவார்கள். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ். உங்களுக்கு அந்தக் கோடு 4,05,000. எஸ்டிமேட் 6,10,000 என்பதால் தானாகத் தாண்டிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாலிசி நிபந்தனைப்படி தேய்மானம் கழித்த பிறகு சர்வேயர் போடும் தொகையைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர், ஏர்பேக் எல்லாம் பாதி. உலோகப் பாகம் நான்கு வருஷம் தாண்டியிருந்தால் 35 சதவீதம், தாண்டாவிட்டால் 25. பெயின்ட் மெட்டீரியலில் பாதி. கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. இதில் 3,90,000 என்று வந்துவிட்டால் மிச்சம் 2,20,000 உங்கள் கையிலிருந்து போகும்.

அதனால் முதலில் சர்வே ரிப்போர்ட் நகலை மெயிலில் கேளுங்கள். பிறகு ஒர்க்‌ஷாப்பில் சொல்லி ஏப்ரன், சேஸிஸ் மெம்பர், டேஷ்போர்டு, ஒயரிங் ஹார்னஸ் வரை திறந்து பார்க்கச் செய்து, சர்வேயர் முன்னிலையில் கூடுதல் எஸ்டிமேட் வாங்குங்கள். முன்னும் பின்னும் அடிபட்ட வண்டியில் மேலோட்ட எஸ்டிமேட்டில் பாதிச் சேதம் தெரியாது. ரேடியேட்டருக்குப் பின்னால் என்ஜின் மவுண்ட் உடைந்திருக்கிறதா என்பதெல்லாம் பிரித்தால்தான் தெரியும்.

போனில் பேசுவதை நிறுத்துங்கள். அவர்கள் போனில் சொன்னதையும் "இன்று நீங்கள் சொன்னது இது" என்று மெயிலாகத் திருப்பி அனுப்புங்கள்.

ஓசூர் சால்வேஜ்:

மூர்த்தி அண்ணா ஐடிவி பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் உண்மையில் பேரம் பேசும் இடம் அந்த 1,60,000-தான். உடைந்த வண்டியின் விலை குறைய குறைய, வண்டியை வைத்துக்கொள்பவருக்குக் கைக்கு வரும் பணம் கூடும். அந்த விலையைக் கேட்டது யார், ஆர்சியோடா ஆர்சி இல்லாமலா, எத்தனை நாள் செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆர்சியோடு கேட்ட விலையைக் காட்டிக் கழித்துவிட்டு, பிறகு ஆர்சியை ரத்து செய்துவிட்டு வா என்பார்கள். ஆர்சி போனால் அந்த விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஓசூர், சேலம், பெங்களூரு பக்கம் உடைந்த வண்டி எடுப்பவர்களிடம் நீங்களும் இரண்டு மூன்று விலை எழுதி வாங்குங்கள். என்ஜின், கியர்பாக்ஸ் நன்றாக இருந்தால் விலை நிற்கும். ஏர்பேக் விரிந்து ஈசியூ (வண்டியின் கம்ப்யூட்டர் யூனிட்) லாக் ஆன வண்டிக்குக் குறையும். உங்களுக்குக் கிடைத்தது 1,10,000 என்றால் இரண்டு வழி. 1,10,000-ஐ மட்டும் கழிக்கச் சொல்லலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால், "1,60,000-க்குக் கேட்டவரிடம் நீங்களே வண்டியைக் கொடுத்துவிட்டு எனக்கு 5,39,000 கொடுங்கள்" என்று கேளுங்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

வண்டி யாருக்குப் போனாலும் பணம் அக்கவுண்டில் ஏறாமல் சாவியைத் தராதீர்கள். ஆர்சியோடு போனால் ஃபார்ம் 29, 30 கொடுத்து கிருஷ்ணகிரி ஆர்டிஓவில் பெயர் மாறும்வரை விடாதீர்கள். பெயர் மாறாத வண்டி வேறொருவர் ஓட்டி விபத்தானால் ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருட்டு வண்டியில் இந்த சேஸிஸ் நம்பரைக் குத்தி ஓட்டும் வேலையும் நடக்கிறது. உடைத்துப் போடத்தான் என்றால் ஆர்சி ரத்து செய்து அந்த உத்தரவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து பிய்த்து, பேங்கில் சொல்லி மூடிவிடுங்கள்.

தர்மபுரி வாசகி:

லோன் பற்றி: பணம் முதலில் பேங்குக்குப் போகும். 5,39,000 வந்தால் 1,85,000 போக 3,54,000 உங்களுக்கு. பாக்கித் தொகைக் கடிதத்தைக் கிளெய்ம் முடியும் தேதிக்கு வாங்குங்கள். முடியும்வரை இஎம்ஐயை நிறுத்த வேண்டாம், சிபில் கெட்டுவிடும். பிறகு என்ஓசியும், ஆர்சியிலிருந்து பேங்க் பெயரை நீக்கும் ஃபார்ம் 35-உம் கேட்டு வாங்குங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்கும் நாளுக்கு பார்க்கிங் சார்ஜ் ஏறும். தாமதம் கம்பெனியுடையது என்றால் அதையும் மெயிலில் கேளுங்கள். சர்வே ரிப்போர்ட் கைக்கு வந்து 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கை. அந்த வரியை மேற்கோள் காட்டினாலே தொனி மாறும்.

இறங்கி வராவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியுங்கள். நிராகரித்தாலோ 30 நாள் பதில் வராவிட்டாலோ சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் வரை கேட்கலாம், ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். உங்களுடையது பாலிசி வாசகத்தை வைத்தே தீரும் வழக்கு, அங்கே எளிது. பணம் அவசரம் என்று குறைந்த தொகையை வாங்க நேர்ந்தால், ரசீதில் "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், மீதிக்கு உரிமை உண்டு" என்று கையால் எழுதிப் போடுங்கள்.

லாரி மேல் எஃப்ஐஆர் இருப்பதால் இன்னொன்று. டோயிங், பார்க்கிங் என உங்கள் கம்பெனி தராத நஷ்டத்தை லாரியின் இன்சூரன்ஸ் மேல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். வசிக்கும் இடம் கிருஷ்ணகிரி மாவட்டம் என்பதால் அங்கேயே போடலாம். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். அதற்கு பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட் தேவை. அவர் பார்க்கும் முன் வண்டியை யாரும் தூக்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.